மூன்றாவது வரி

பித்தளைத் தகட்டில் இனி மூன்று வரிகளுக்குத்தான் இடம்.
கோச்சடை ஐக்கியக் கால்பந்துக் கழகத்துக்கு
இந்தத் தையில் ஐம்பது வயது.
ராஜாங்கம் மருந்துக்கடை மாடியில்
குளுக்கோஸ் பெட்டிகளை நகர்த்திவிட்டு
ஐந்து பேர் உட்கார்ந்தோம்.
மினிட்ஸ் எழுதுவது நான்.

முதல் பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை.
இன்னாசிமுத்து, நூற்று அறுபத்து மூன்று கோல்.
பதினெட்டு வருஷத்தில்
ஒருவனுக்கும் பந்து கொடுத்ததில்லை என்பது
தகட்டில் வராது.

இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.
தனசேகரன் ஆடியது ஏழே ஆட்டம்,
ஆனால் விழா மண்டபம் அவருடையது,
ஆட்டுக்கறியும் அவருடையது.
"அப்ப ஆடுனவனுக்கா, ஆடு வாங்குனவனுக்கா?"
என்று கேட்டுவிட்டு வேல்மயில் எழுந்து
சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.
கடைசியில் பந்திப் பேனரில் தனசேகரன் படம்,
தகட்டில் பொன்னாண்டி என்று முடிவாயிற்று.
இரண்டு முட்டியையும் கழகத்துக்கே கொடுத்தவர்.
மாடிப்படி ஏற முடியாததால்தான்
கமிட்டியிலேயே இல்லை.

மூன்றாவதாக ஸ்டீபன் சார் சொன்னார்:
சிக்கந்தர் பாட்சா.
மின்விசிறி மட்டும் பேசியது.

எல்லாருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம்.
தொண்ணூற்றொன்று, திண்டுக்கல், அரையிறுதி,
எண்பத்தாறாம் நிமிடம்,
காலுக்கு நடுவே உருண்டுபோன பந்து,
மறுமாதம் அவன் ஓட்டிவந்த புது டிவிஎஸ் ஐம்பது.
பதினோரு வருஷம் அவன் பிடித்த பந்துகளெல்லாம்
அந்த ஒரு பந்துக்குப் பின்னால்
வரிசையில் நின்றன.

"வித்துட்டான்யா" என்றார் ராஜாங்கம்,
முப்பத்து மூன்று வருஷமாகச் சொல்லும் அதே தொனியில்,
கோபம்கூடத் தேய்ந்துபோய்.

பேனாவை மூடினேன்.
வண்டி மில் சொசைட்டிக் கடனில் வாங்கியது.
மனு போட்டது மார்ச்சில், ஆட்டம் மே மாதம்.
மாதம் நூற்றெண்பது பிடித்தம், நாலு வருஷம்.
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.

"இத்தன நாளா ஏன்யா சொல்லல?"

அதற்கும் பதில் இருந்தது.
இடது ஓரத்தில் பந்தை விட்டது நான்.
அவன் வரைக்கும் அது
போயிருக்கவே வேண்டாம்.
திரும்பி வந்த பஸ்ஸில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
வண்டி வந்த அன்று என்னை மறந்தார்கள்.
யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது உண்மை.
கேட்டுவிடுவார்களோ என்று
டீக்கடையை மாற்றிக்கொண்டதும் உண்மை.

ராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம்.
"இதெல்லாம் மினிட்ஸ்ல ஏத்தாதீங்க.
ஏகமனதாகன்னு போடுங்க."
போட்டேன்.

மகபூப்பாளையத்துக்குப் போன் போட்டேன்.
பட்டறையில் இரும்பு அறுபடும் சத்தம்.
விஷயத்தைச் சொன்னேன், ஜாமீனையும் சொன்னேன்.
யாரையோ மெஷினை நிறுத்தச் சொன்னான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு
ஒரு வருஷம் பாத்தேண்ணே.
அப்புறம் விட்டுட்டேன்.
என்ன இருந்தாலும்
காலச் சேக்காதது நாந்தானே."

விழாவுக்கு வருவானா என்று கேட்டதற்கு
சனிக்கிழமை டெலிவரி இருக்கிறது என்றான்.
மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

டவுன்ஹால் ரோட்டில் செதுக்குகிறவர்
எழுத்துக்கு நாற்பது ரூபாய் என்றார்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அதேதான்.
விரல்விட்டு எண்ணினேன்: சிக்கந்தர் பாட்சா, ஒன்பது.
கீழே சின்னதாக
1981 முதல் 1991 வரை.

"நல்ல கீப்பராத்தான் இருக்கணும்,
தகடு வரைக்கும் வந்துட்டார்.
தொண்ணூத்தொண்ணோட ஏன் சார் நிறுத்திட்டார்?"

முன்பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முதலிலிருந்து
மறுபடி எண்ணினேன்.